தோற்பதற்கென்றே காத்திருக்கும் பாஸ்!

உயரம் 60 சென்டிமீட்டர். எடை 8.5 கிலோ. வால் நுனியில் சின்னதாய்த் தீ எரியும் ஒரு குட்டிப் பல்லி. எதிரே, பாறைகளைக் கோத்துச் செய்தது போல ஒரு பாம்பு. நீளம் 8.8 மீட்டர், எடை 210 கிலோ. பல்லி தன் பலத்தையெல்லாம் கூட்டி நெருப்பைக் கக்குகிறது. பாம்பு பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அது திருப்பி ஒரே ஒரு முட்டு முட்டுகிறது. பல்லி காலி!

போக்கிமான் கேமை முதன்முதலாகக் கையில் எடுத்த எத்தனையோ பிள்ளைகள் முகம் சுருங்கிப்போன இடம் இது. பல்லியின் பெயர் சார்மாண்டர். பாம்பின் பெயர் ஆனிக்ஸ். அதன் சொந்தக்காரர் ப்ராக், பியூட்டர் சிட்டியின் ஜிம் லீடர்.

ஜிம் என்றதும் டம்பெல் தூக்கும் இடம் என்று நினைத்துவிட வேண்டாம். இது போக்கிமான்களை மோதவிடும் களம். செல்போனில் போக்கிமான் கோ ஆடியவர்களுக்கு ஜிம் தெரிந்திருக்கும். ஆனால், அங்கே ஜிம்மைப் பிடித்து வைத்திருப்பவர்கள் நம்மைப் போல விளையாடுகிறவர்கள்தான். கதையோடு வரும் மூல கேம்களில் ஒவ்வொரு ஜிம்முக்கும் ஒரு தலைவர் உண்டு. இந்த வாரம் அவர்களைப் பற்றித்தான்.

வில்லன் இல்லாத பாஸ்

1996 பிப்ரவரி 27. ஜப்பானில் நிண்டெண்டோவின் கேம் பாய் கருவிக்காக 'ரெட்', 'கிரீன்' என இரண்டு போக்கிமான் கேம்கள் வெளியாகின. உருவாக்கியது கேம் ஃப்ரீக் நிறுவனம். அதன் மூளையாக இருந்த சதோஷி தஜிரி, சின்ன வயதில் பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் பைத்தியமாக இருந்தவர். அந்த ஆசைதான் இந்த விளையாட்டுக்கு விதை.

கதை எளிமையானது. ஒரு பிள்ளை ஒரே ஒரு போக்கிமானோடு வீட்டைவிட்டுக் கிளம்புகிறது. வழியில் புதிய போக்கிமான்களைப் பிடிக்கிறது, பழக்குகிறது. எட்டு ஊர்களில் எட்டு ஜிம்கள். எட்டு லீடர்களையும் ஜெயித்து எட்டு பேட்ஜ் வாங்கினால்தான் போக்கிமான் லீக் என்ற பெரிய போட்டிக்குள் நுழைய முடியும்.

மற்ற கேம்களில் 'பாஸ்' என்றால் யார்? ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் வழிமறித்து நிற்கும் அரக்கன். அவனை ஒழித்தால்தான் பாதை திறக்கும். ஜிம் லீடர்கள் செய்வதும் வழிமறிக்கும் வேலைதான். ஆனால், அவர்களில் பெரும்பாலோர் வில்லன்கள் இல்லை. ஊரில் நல்ல பேர் உள்ளவர்கள். அவர்களிடம் தோற்றால் கையில் இருக்கும் பணத்தில் பாதி போகும், அவ்வளவுதான். போக்கிமான்களுக்குச் சிகிச்சை கொடுத்துவிட்டு மறுபடி வரலாம். எத்தனை முறை வந்தாலும் லீடர் அதே இடத்தில் நிற்பார். ஜெயித்தால் பேட்ஜைத் தன் கையாலேயே கொடுப்பார். கூடவே, தனக்குத் தெரிந்த ஒரு வித்தையையும் கற்றுக்கொடுத்து அனுப்புவார்.

தன்னைத் தோற்கடித்தவருக்கே வித்தை சொல்லித்தரும் பாஸ்! வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

பலவீனத்தைச் சொல்லிவிட்டு மோதுபவர்

போக்கிமான் சண்டையின் அடிப்படை, கல்-காகிதம்-கத்தரிக்கோல் மாதிரி. தண்ணீர் நெருப்பை அணைக்கும். நெருப்பு புல்லை எரிக்கும். புல் தண்ணீரை உறிஞ்சும். முதல் கேமில் இப்படி 15 வகைகள் இருந்தன. இப்போது 18.

இதில் ஜிம் லீடர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்கிறார்கள். ஒருவருக்கு ஒரே வகை. ப்ராக்கிடம் பாறை. மிஸ்டியிடம் தண்ணீர். லெப்டினன்ட் சர்ஜிடம் மின்சாரம். அதாவது, அவர்களை எதைக் கொண்டு அடிக்கலாம் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். போதாததற்கு ஜிம் வாசலிலேயே ஒருவர் நின்றுகொண்டு, 'உள்ளே இருப்பவர் இப்படிப்பட்டவர், இப்படிச் சமாளி' என்று டிப்ஸ் கொடுப்பார்.

ஜெயிப்பது மட்டுமே குறி என்றால் இப்படி யாராவது டீம் அமைப்பார்களா? கதையின் முடிவில் வரும் சாம்பியன் அமைக்கமாட்டான். அவனிடம் எல்லா வகையும் கலந்திருக்கும். ஆக, லீடருக்கு விவரம் தெரியாமல் இல்லை. அவர் வேலையே வேறு. கேள்வித்தாளைக் கையில் கொடுத்துவிட்டு, 'படித்துவிட்டு வா, காத்திருக்கிறேன்' என்று உட்கார்ந்திருக்கும் வாத்தியார் அவர்.

விடை பக்கத்திலேயே இருக்கும்!

மறுபடி பியூட்டர் சிட்டிக்கு வருவோம். புல் வகை, தண்ணீர் வகைப் போக்கிமானோடு கிளம்பியவர்களுக்கு ப்ராக் ஒரு பொருட்டே இல்லை. நெருப்புப் பல்லியைத் தேர்ந்தெடுத்தவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். பிடித்த ஒன்றை மட்டுமே நம்பி வந்தவர்களுக்கு அங்கே ஒரு குட்டு விழும்.

ஆனால், அந்த ஊருக்கு வரும் வழியில் ஒரு காடு இருக்கிறது. அங்கே கேட்டர்பி என்ற சாதாரணக் கம்பளிப்புழு கிடைக்கும். 'இது எதற்கு?' என்று பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். பொறுமையாக வளர்த்தால், லெவல் 10-ல் அது பட்டர்ஃப்ரீ என்ற பட்டாம்பூச்சியாகிவிடும். லெவல் 12-ல், ப்ராக்கின் பாறைகளை அசைக்கக்கூடிய மனோசக்தித் தாக்குதல் அதற்குக் கைவரும். ப்ராக்கின் ஆனிக்ஸ் லெவல் 14-தான்.

பின்னால் வந்த 'யெல்லோ' கேமில் பிகாச்சுதான் முதல் துணை. ப்ராக்கின் போக்கிமான்கள் பாறையோடு மண் வகையும் சேர்ந்தவை. அவற்றிடம் பிகாச்சுவின் மின்சாரம் சுத்தமாகச் செல்லாது. அதனால், ப்ராக்கைச் சந்திப்பதற்கு முன்பே, பக்கத்துப் புல்வெளியில் மேன்கி என்ற சண்டைக்காரக் குரங்கு கிடைக்கும்படி வைத்தார்கள். மூன்றாவது லீடரான சர்ஜின் ஊரை ஒட்டி ஒரு குகை. அது நிறைய டிக்லெட், மின்சாரம் எதுவும் செய்ய முடியாத மண் வகைப் போக்கிமான்.

கேள்வி கடினமாக இருக்கலாம். ஆனால், விடை கூப்பிடு தூரத்தில் இருக்கும். பிடிவாதத்தைக் கொஞ்சம் ஓரங்கட்டிவிட்டுச் சுற்றிலும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அழுத லீடர்

1999-ல் வந்த 'கோல்டு', 'சில்வர்' கேம்களை ஆடியவர்களிடம் விட்னி என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். பெருமூச்சு விடுவார்கள். கோல்டன்ராட் சிட்டியின் லீடர். இளஞ்சிவப்புத் தலைமுடி, சிரித்த முகம், கையில் மில்டாங்க் என்ற மாடு.

அந்த மாடு உருண்டு வந்து மோதும். ஒவ்வொரு முறை உருளும்போதும் அடியின் பலம் இரட்டிப்பாகும். குறி தப்பாவிட்டால் ஐந்தாவது முறை முதல் அடியைப்போல 16 மடங்கு. கஷ்டப்பட்டுப் பாதி சக்தியைக் குறைத்தால், தன் பாலைத் தானே குடித்துத் தேறிக்கொள்ளும்! இதற்கும் விடை பக்கத்தில்தான். அதே ஊரின் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் ஒருவர் மச்சாப் என்ற மல்யுத்தக்காரப் போக்கிமானைப் பண்டமாற்றாகத் தருவார். மச்சாப்புக்கு உருளல் பாதிதான் வலிக்கும். அதன் அடியோ மாட்டுக்கு இரண்டு மடங்கு வலிக்கும்.

ஒரு வழியாக ஜெயித்தால் விட்னி தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிடுவாள். பேட்ஜையும் தரமாட்டாள். அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்துதான் வாங்க வேண்டும். ஜெயித்த பிள்ளைக்கு அங்கே ஒன்று புரியும். எதிரில் நிற்பவருக்கும் வலிக்கும்.

அப்பாவோடு ஒரு மோதல்

எல்லா லீடர்களிலும் தனித்து நிற்பவர் நார்மன். 2002-ல் வந்த 'ரூபி', 'சஃபயர்' கேம்களில் ஐந்தாவது லீடர். அவர் யார் தெரியுமா? விளையாடும் பிள்ளையின் அப்பா!

அவருக்கு பெட்டல்பர்க் சிட்டி ஜிம்மில் பொறுப்பு கிடைத்ததால்தான் குடும்பமே புது ஊருக்குக் குடிவருகிறது. கதையின் ஆரம்பத்திலேயே பிள்ளை அப்பாவின் ஜிம்முக்குப் போய் நிற்கும். அவர் மோத மாட்டார். 'நாலு பேட்ஜ் வாங்கிக்கொண்டு வா, பிறகு பார்க்கலாம்' என்று அனுப்பிவிடுவார்.

நாலு பேட்ஜோடு திரும்பி வந்தால் அப்பா கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை. அவருடைய ஸ்லாகிங் என்ற குரங்குக்கு அசுர பலம். ஒரே ஒரு குறை, மகா சோம்பேறி. ஒரு சுற்று அடித்தால் அடுத்த சுற்று சும்மா படுத்துக்கிடக்கும். அடிக்கும் சுற்றில் தாக்குப்பிடித்து, ஓய்வெடுக்கும் சுற்றில் திருப்பி அடிக்க வேண்டும். பதற்றப்படாதவருக்குத்தான் வெற்றி.

தோற்றபின் நார்மன் சொல்வதன் சாரம் இதுதான்: லீடராக வருத்தம். அப்பாவாகச் சந்தோஷம், கூடவே கொஞ்சம் சோகம். பிள்ளை தன்னைவிட உயரமாக வளர்ந்த நாளை நினைத்துப் பார்க்கும் எந்த அப்பாவுக்கும் இந்தக் கலவை புரியும். பேட்ஜோடு அவர் கொடுக்கும் வித்தையின் பெயர் ஃபசாடு. தீக்காயமோ விஷமோ வாதமோ தாக்கிய நிலையில் அதைப் பயன்படுத்தினால் பலம் இரண்டு மடங்காகும். அடிபட்டிருக்கும்போது கைகொடுக்கும் ஒன்றை அப்பா கொடுத்தனுப்புகிறார்.

வீட்டில் கேரம் போர்டு விளையாடும்போது பிள்ளை அழக் கூடாது என்று வேண்டுமென்றே தோற்கும் பெரியவர்கள் உண்டு. ஒரு தடவைகூட விட்டுக்கொடுக்காதவர்களும் உண்டு. நார்மன் இரண்டும் இல்லை. தயாராகும்வரை காத்திருக்கிறார். பிறகு நிஜமாகவே மோதுகிறார். தோற்றால் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார்.

லீடர்களும் மாறினார்கள்

காலத்தோடு ஜிம்களும் மாறின. 2019-ன் 'ஸ்வார்டு', 'ஷீல்டு' கேம்களில் ஜிம் என்பது பிரிட்டிஷ் கால்பந்து மைதானம் போல ரசிகர் கூட்டத்தோடு ஆர்ப்பரிக்கும். அதில் மூன்றாவது லீடர் காபு, நெருப்பு வகை. பலரும் அவரிடம்தான் மனம் தளர்ந்து திரும்பிவிடுகிறார்கள் என்று கதையிலேயே சொல்வார்கள். அவரையும் ஜெயித்துவிட்டால், அதுவரை நம்மிடம் தோற்ற மூன்று லீடர்களும் சேர்ந்து வந்து வழியனுப்பிவைப்பார்கள்!

2022-ன் 'ஸ்கார்லெட்', 'வயலட்' கேம்களில் லீடர்களுக்கு வேறு வேலையும் உண்டு. கேட்டி பேக்கரி நடத்துகிறார். கோஃபு சமையல்காரர். லாரியோ கோட்டும் டையும் போட்ட, களைத்துப்போன ஆபீஸ்காரர்.

இந்த கேம்களில் ஒரு சிக்கலும் வந்தது. எந்த ஜிம்முக்கும் எந்த வரிசையிலும் போகலாம். ஆனால், லீடர்களின் லெவல் மாறாது. கேட்டியின் பலமான போக்கிமான் லெவல் 15. பனி மலையில் இருக்கும் க்ரூஷாவுடையது லெவல் 48. வழி தெரியாமல் மலைக்கு முதலில் போனால் சுருண்டு விழ வேண்டியதுதான். கேட்டியிடம் கடைசியாக வந்தால் ஒரே அடியில் முடிந்துவிடும். சுதந்திரம் இனிமையானதுதான். ஆனால், வருகிற பிள்ளை எந்த வகுப்பு என்று தெரியாவிட்டால், நல்ல வாத்தியாரும் தடுமாறத்தான் செய்வார்.

வாசலில் ஒரு பெயர்

ப்ராக்கின் ஜிம் வாசலில் ஒரு சிலை உண்டு. அவசரத்தில் உள்ளே ஓடுகிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. நின்று படித்தால் லீடரின் பெயருக்குக் கீழே ஒரு பட்டியல் இருக்கும். அவரை ஜெயித்தவர்களின் பெயர்கள்! முதலில் அங்கே நம் போட்டியாளனின் பெயர் மட்டும்தான் இருக்கும். நமக்கு முன்னாலேயே வந்து ஜெயித்துவிட்டுப் போயிருப்பான்.

ப்ராக்கை ஜெயித்துவிட்டு வெளியே வரும்போது மறுபடி அந்தச் சிலையைப் படித்துப் பாருங்கள். இப்போது உங்கள் பெயரும் அதில் சேர்ந்திருக்கும். தான் யாரிடம் தோற்றோம் என்பதைத் தன் வீட்டு வாசலிலேயே எழுதிவைக்க ஒரு பெரிய மனசு வேண்டும்.

அந்தப் பட்டியலில் இடம்பிடிக்க, காட்டில் அலைந்து ஒரு கம்பளிப்புழுவை வளர்த்த பிள்ளைக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கும்.