தெட்சணாமூர்த்தியின் பிறந்தநாளுக்கு என்ன செய்யலாம்?

ஆகஸ்ட் 26, தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பிறந்தநாள். 1933 இல் இணுவிலில், தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மகனாகப் பிறந்தவர், அளவெட்டியில் வாழ்ந்தவர். ஈழத்துக் கோயில் வீதிகளில் மட்டுமன்றித் தமிழகத்திலும் அவரது தவில் முழங்கியது. 1975 மே மாதத்தில் மறைந்தபோது அவருக்கு வயது 41 மட்டுமே.

இசைவாணர்களை மறைந்த நாளில் நினைவுகூர்வதே நம் மரபு. திருவையாற்றில் நடைபெறும் தியாகராஜர் ஆராதனையும் அத்தகையதே. ஆயினும் தெட்சணாமூர்த்தியைப் பொறுத்தவரை பிறந்தநாளே பொருத்தமானது என்பது என் எண்ணம். மறைந்த நாளில் கூடினால், இளவயதில் போய்விட்டாரே என்ற புலம்பலோடு கலைந்துவிடுகிறோம். அவர் விட்டுச்சென்றது என்ன, அதை நாம் என்ன செய்தோம் என்ற கேள்வி எழுவதில்லை.

விழா எடுப்பதில் நமக்குக் குறைவில்லை. மாலை சூட்டிய படம், மங்கல விளக்கு, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, பொன்னாடை, நன்றியுரை. பத்திரிகைக்காரனாக இத்தகைய விழாக்கள் பலவற்றுக்குச் செய்தி எழுதியிருக்கிறேன். பேசியோரின் பெயர்களே பத்தியை நிரப்பிவிடும். இசைக்கு எஞ்சுவது கடைசி வரி. நாதத்தால் வாழ்ந்த ஒருவரைப் பேச்சால் மட்டும் கொண்டாடுவது என்ன நியாயம்?

எனவே முதலில் செய்யவேண்டியது ஒலியைக் காப்பாற்றுவது. அக்காலத்தில் கோயில் திருவிழாக் கச்சேரிகளை இரசிகர்கள் ஒலிநாடாக்களில் பதிந்து வைத்தார்கள். 1995 இடப்பெயர்வில் வீட்டோடு விட்டுவந்த பொருள்களுள் அவையும் உண்டு. தப்பியவை சில, உரிமையாளரோடு இலண்டனுக்கும் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்ச் சேர்ந்தன. காந்த நாடாவுக்கும் ஆயுள் உண்டு. பூஞ்சணம் பிடித்தபின் அதை மீட்பது கடினம். உங்கள் அலுமாரியில் அப்படி ஒன்று இருந்தால், இந்தப் பிறந்தநாளுக்கு அதை எண்ணிம வடிவுக்கு மாற்றுங்கள். எந்தக் கோயில், எந்த ஆண்டு, நாதஸ்வரம் அளவெட்டி என்.கே. பத்மநாதனா வேறொருவரா என்பதையும் மறவாமல் எழுதி வையுங்கள். அதைச் சொல்லக்கூடிய முதியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பிறகு ஒரு பிரதியை, 2005 முதல் இயங்கும் நூலகம் போன்ற பொது ஆவணகத்துக்குக் கொடுங்கள். தனிச்சொத்தாகப் பூட்டி வைத்த இசை, பூட்டியவரோடு போய்விடும்.

இரண்டாவது, இன்று வாசிப்பவர்களைக் கேட்பது. திருமண மண்டபத்தில் தாலி கட்டும் வேளையில் கெட்டிமேளம் கேட்டால் போதும் என்றாகிவிட்டது. மற்ற நேரமெல்லாம் தவில், நம் உரையாடலுக்கு இடைஞ்சல். பலாமரக் குடத்தைத் தோளில் சுமந்து, வலக்கை விரல்களில் கூடு மாட்டி மணிக்கணக்கில் வாசிக்கும் கலைஞரை நாம் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. ஆகஸ்ட் 26 அன்று ஏதேனும் ஒரு கோயில் வீதியில் மணலில் அமர்ந்து, தனி ஆவர்த்தனம் முடியும்வரை எழும்பாமல் கேட்போம். அவருக்குரிய சன்மானத்தைப் பேரம் பேசாமல் கொடுப்போம். சாதியின் பெயரால் இக்கலைஞர்களைத் தள்ளிவைத்த சமூகம் நம்முடையது. அந்தக் கடனும் தீரவில்லை.

மூன்றாவது, தவில் பழகும் ஒரு பிள்ளையின் செலவை ஏற்பது. புலம்பெயர்ந்த நாடுகளில் ஒரு விழா மண்டபத்துக்குக் கொடுக்கும் வாடகை, இங்கே ஒரு மாணவருக்கு நல்ல தவில் வாங்க உதவும்.

அம்ஷன் குமார் இயக்கிய தெட்சணாமூர்த்தி பற்றிய ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருதைப் பெற்றது. தமிழகத்து இயக்குநர் ஒருவர் தம் பங்கைச் செய்துவிட்டார். நம் பங்கு மீதமிருக்கிறது. 2033 இல் நூற்றாண்டு வருகிறது. அன்று மேடையில் அவரது படம் நிச்சயம் இருக்கும். அவரது தவில் ஒலி இருக்குமா என்பது, நம் வீட்டு அலுமாரிகளை எப்போது திறக்கிறோம் என்பதைப் பொறுத்தது.