புது மண்ணில் நாம்: கோவில் வாசலில் நிற்பதும் எங்கள் பிள்ளைதான்



இந்நாட்டுக்கு வந்திறங்கிய எம்மவரில் பலருக்கு முதலில் கிடைத்த உறவு ஆலயம்தான். வாடகை வீடு தேடித் தந்தவர்கள், பழைய கட்டிலும் குளிர்ச்சட்டையும் கொண்டுவந்தவர்கள், பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கக் கூட வந்தவர்கள் என்று பலரும் ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் வேளையில் அறிமுகமானவர்களே. பாபடோயிட்டோயிலும் அயல் ஊர்களிலும் வாழும் கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பங்களுக்குச் சபை என்பது ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிநேர விடயம் அல்ல. சொந்தம், அயல், ஊர் எல்லாம் அதுவே.

ஆகவேதான் நாம் பேசத் தயங்கும் ஒன்றை இம்முறை எடுத்திருக்கிறோம். அந்தச் சபையில் வளரும் ஒரு பிள்ளை, தனக்குத் தன் பாலினத்தவர் மீதே ஈர்ப்பு உண்டு என்றோ, பிறந்தபோது மற்றவர்கள் சொன்ன பால் தனக்குப் பொருந்தவில்லை என்றோ உணர்ந்தால் அதற்கு என்ன நடக்கிறது? ஆங்கிலத்தில் மட்டும் வழிபடுபவர் ஒரு சபையில் மனம் நொந்தால் இன்னொரு சபையைத் தேடிப் போகலாம். எங்கள் பிள்ளைக்குத் தமிழில் செபம் சொல்லக் கிடைத்தது ஒரே இடம். அது இல்லாமற் போனால் அம்மாவின் மொழி, கூட வளர்ந்த பிள்ளைகள், மாமா மாமி என்று கூப்பிட்ட முகங்கள் எல்லாமே போய்விடும். ஒருமுறை ஊரை இழந்து வந்த நாங்கள், எங்கள் பிள்ளையை இரண்டாம் முறை ஊரற்றவராக்கலாமா?

முதலில் சொற்களைப் பார்ப்போம். ஊரில் இப்படியானவர்களைக் குறிக்க எமக்குத் தெரிந்திருந்தவை பெரும்பாலும் வசைச் சொற்களே. இன்று தமிழில் நல்ல சொற்கள் உள்ளன. தன்பால் ஈர்ப்பாளர், இருபால் ஈர்ப்பாளர், திருநங்கை, திருநம்பி என்பன அவற்றுட் சில. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 2021 ஜூன் 7ஆம் திகதி இவர்களைப் பற்றி ஒரு முக்கிய உத்தரவை வழங்கினார். அதற்கு முன் உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து விளக்கம் கேட்டு, இம்மக்களையும் சந்தித்துத் தம் எண்ணத்தைத் திருத்திக்கொண்டதாக அவரே எழுதினார். இவர்களை மருத்துவத்தால் 'மாற்ற' முயல்வதையும் அவர் தடை செய்தார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாடு அரசு மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ஒரு நீதிபதி கேட்டு அறிய முன்வந்தாரென்றால் எங்கள் சபை மூப்பர்களுக்கும் அதில் வெட்கம் இல்லை.

அடுத்தது இந்நாட்டுச் சட்டம். புதிதாக வந்தவர்கள் இதை அறிந்திருத்தல் அவசியம். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய சட்டம் இங்கும் இருந்தது. 1986இல் நாடாளுமன்றம் 49க்கு 44 என்ற வாக்குகளால் அதை நீக்கியது. வேலையிலும் வீட்டு வாடகையிலும் இவர்களுக்குப் பாகுபாடு காட்டுவதை 1993ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டம் தடுத்தது. 2013இல் ஒரே பாலினத்தவர் திருமணம் சட்டமானது. அச்சட்டமூலத்தைக் கொண்டுவந்தவர் எமது அயலூரான மனுரேவாவின் அப்போதைய உறுப்பினர் லூயிசா வோல்.

2022இல் வந்த சட்டம் சபைகளை நேரடியாகத் தொடுகிறது. ஃபீஜியில் பிறந்து தெற்கு ஒக்லண்டில் வளர்ந்த ஷனீல் லால் என்ற இளையவர், மிடில்மோர் வைத்தியசாலையில் தொண்டராக இருந்தபோது சபைத் தலைவர் ஒருவர் வந்து, செபம் செய்து உன்னை மாற்றுகிறேன் என்று சொன்னதாகப் பின்னர் வெளியே கூறினார். பாபடோயிட்டோய்க் குடும்பங்கள் மருந்துக்கும் பிரசவத்துக்கும் போகும் அதே வைத்தியசாலைதான். அவரும் நண்பர்களும் தொடங்கிய இயக்கத்துக்குப் பின், 2022 பெப்ரவரி 15ஆம் திகதி, 112க்கு 8 என்ற வாக்குகளால் சட்டம் நிறைவேறியது. இதன்படி 18 வயதுக்குட்பட்ட ஒருவரின் பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மாற்றும் நோக்கில் நடத்தப்படும் செயல்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். பாரதூரமான பாதிப்பை உண்டாக்கினால், எந்த வயதினராயினும், ஐந்து ஆண்டு வரை தண்டனை உண்டு. தன் மத நம்பிக்கையைச் சொல்வது குற்றமல்ல. பிள்ளையை உபவாசக் கூட்டத்துக்குக் கொண்டுபோய் 'பேய் ஓட்டி' மாற்ற முயல்வது வேறு விடயம்.

திருச்சபைகள் என்ன சொல்கின்றன? ஒரே குரலில் சொல்லவில்லை. மெதடிஸ்த திருச்சபை 1997இல், தன்பால் ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறியப்பட்ட டேவிட் புரோமெல் என்பவரைப் போதகராக முழுமையாக ஏற்றது. அதை ஏற்காத சிலர் பிரிந்து போனார்கள். 2006இல் பிரெஸ்பிற்றேரியன் பொதுச்சபை, ஆண் பெண் திருமணத்துக்கு வெளியே உறவில் இருப்பவர்கள் தலைமைப் பணிக்கு வர முடியாது என்று முடிவு செய்தது. அங்கிலிக்கன் திருச்சபை 2018இல், சட்டப்படி மணமுடித்த ஒரே பாலினத் தம்பதிகளை ஆசீர்வதிக்க இடங்கொடுத்தது. அங்கும் சில சபைகள் விலகின. 2023 டிசம்பரில் வத்திக்கான், திருமணச் சடங்காகத் தோன்றாத முறையில் குருவானவர் இவர்களுக்கு ஆசி வழங்கலாம் என்று அறிவித்தது. திருமணம் பற்றிய போதனையை அது மாற்றவில்லை.

ஆகவே பெரியவர்களின் வாதம் இன்னும் பல ஆண்டுகள் நடக்கலாம். அது முடியும்வரை எங்கள் பிள்ளை வாசலில் நிற்க வேண்டுமா என்பதே கேள்வி. வேதவாக்கியத்துக்கு என்ன பொருள் என்று வாதிடுவது ஒன்று. பதினாறு வயதுப் பிள்ளையோடு ஒரே வாங்கில் இருந்து பாடுவது இன்னொன்று. முதலாவது தீராவிட்டாலும் இரண்டாவதை இந்த ஞாயிறே செய்யலாம்.

இது வெள்ளைக்காரரின் பழக்கம், இங்கு வந்துதான் பிள்ளைகள் கெட்டார்கள் என்று சொல்வோரும் உண்டு. உண்மை வேறு. இலங்கைத் தண்டனைக் கோவையில் 365ஆம், 365அ பிரிவுகளை எழுதி வைத்தது 1883ஆம் ஆண்டின் பிரித்தானிய ஆட்சி. 1995இல் பெண்களையும் அதற்குள் அடக்கினார்கள். அதை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023இல் இலங்கை உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. இப்படிப்பட்ட மனிதர் எங்கள் ஊரிலும் எப்போதும் இருந்தார்கள். பேசாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். அயலில் உள்ள சமோவா மக்களிடம் 'ஃபாஃபாஃபினே' என்று அழைக்கப்படுவோர் உள்ளனர். ஆண் உடலோடு பிறந்து பெண் இயல்போடு வாழ்பவர்கள். அவர்களுட் பலர் குடும்பத்தைத் தாங்குகிறார்கள், ஆலயப் பாடகர் குழுவை நடத்துகிறார்கள். அச்சபைகளிலும் பிணக்குகள் இல்லாமலில்லை. எனினும் குடும்பத்துக்குள் அவர்களுக்கென்று ஓர் இடமும் ஒரு பெயரும் உண்டு.

விலக்கி வைப்பது எப்படியிருக்கும் என்று தமிழ்க் கிறிஸ்தவருக்குத் தெரியாததல்ல. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சாதிப்படி பிரிந்து அமர்ந்து, பிரிந்தே நற்கருணை எடுத்த காலம் இருந்தது. 1833இல் பேராயர் டானியல் வில்சன் அது கூடாது என்று கட்டளையிட்டபோது பலர் சபையை விட்டே போனார்கள். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் கோவிலுக்குள்ளேயே சாதிச் சுவர் கட்டி வைத்தார்கள். அது 1910இல்தான் இடிக்கப்பட்டது. அன்று சுவரைக் காத்தவர்களும் தாங்கள் ஒழுங்கைக் காப்பதாகவே நம்பினார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தில் பிலிப்பு, எத்தியோப்பிய அண்ணகர் ஒருவரின் இரதத்தில் ஏறி அருகில் அமர்ந்ததும் நாம் அறிந்த கதையே. ஞானஸ்நானம் பெற அவருக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.

இனி, நாம் செய்யக்கூடியவை சில.

ஒன்று, இரகசியம் காத்தல். பிள்ளை போதகரிடமோ ஞாயிறு பாடசாலை ஆசிரியையிடமோ சொன்னது தேநீர் மேசைக்கு வரக்கூடாது. இங்கு சொன்ன கதை மறுநாளே ரெலிபோனில் வவுனியாவுக்கும் கனடாவுக்கும் போய்விடும். அப்பா அம்மாவிடம் எப்போது சொல்வது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

இரண்டு, பிரசங்கமும் பகிடியும். மேடையில் ஒரு வார்த்தை சொல்லுமுன், கேட்டுக்கொண்டிருக்கும் ஐம்பது பேரில் ஒருவருக்கு அது தன்னைப் பற்றியது என்பதைப் போதகர் நினைக்க வேண்டும். வாலிபர் கூட்டத்தில் நடக்கும் கேலியை மூப்பர்கள் உடனே நிறுத்த வேண்டும்.

மூன்று, தெளிவாகச் சொல்லுதல். பாடகர் குழுவில் சேரலாமா, நற்கருணை உண்டா, சிறுவருக்குப் படிப்பிக்கலாமா என்பதை நிர்வாகக் குழு கூடிப் பேசி முடிவெடுக்கட்டும். எல்லோரும் வரலாம் என்று பலகையில் எழுதிவிட்டு, வந்த பின் ஒவ்வொன்றாகக் கதவடைப்பது கொடுமை.

நான்கு, கலியாணம் மருந்தல்ல. ஊரிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக் கட்டிவைத்தால் சரியாகிவிடும் என்பது அந்தப் பெண்ணுக்கும் செய்யும் துரோகம்.

ஐந்து, அழைக்கும் முறை. புதுப் பெயர் சொல்லும் பிள்ளையை அந்தப் பெயரால் கூப்பிடுங்கள். எங்கள் மொழி இதற்கு உதவி செய்கிறது. 'அவர்' என்றாலும் 'பிள்ளை' என்றாலும் ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை.

ஆறு, பெற்றோரைத் தனியே விடாமை. செய்தி கேட்ட தாய் தகப்பன் வெட்கத்தில் வீட்டைப் பூட்டிக்கொள்வார்கள். சாவீட்டுக்குப் போவதுபோல் அல்லாமல், சாதாரணமாகச் சோறு கறியோடு போய்க் கதையுங்கள்.

உதவி தேவைப்படுவோர் அறிய: 1737 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், செய்தியும் அனுப்பலாம். அவுட்லைன் அமைப்பின் இலக்கம் 0800 688 5463. இளையோருக்கு 1989இல் தொடங்கிய ரெயின்போ யூத் உள்ளது. தெற்காசியர்களுக்கென்றே 'அதிகார் அவோதியாரோவா' என்ற அமைப்பும் இயங்குகிறது.

இதை வாசிக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை இந்த வகையினர் அல்ல என்று நினைத்தாலும், இப்பக்கத்தை மடித்து ஒளிக்காமல் மேசையில் விட்டு வையுங்கள். கேட்கத் துணியாத கேள்விக்கு அதுவே பதிலாக இருக்கலாம்.