படத்தை நிப்பாட்டுங்கோ சேர்

எங்களில் ஒருத்தி தரம் 10இல் பார்த்த விவரணப்படம் எரிமலை பற்றியது. ரிலீஃப் பீரியட். வரவேண்டிய மிஸ் லீவு. வேறு வகுப்பு சேர் ஒருவர் வந்து லப்டொப்பை புரொஜெக்டரில் கொழுவி, படத்தைப் போட்டுவிட்டு, பின்வாங்கில் இருந்து விடைத்தாள் திருத்தினார். படம் ஆங்கிலம். சத்தம் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. யன்னலுக்குத் திரை இல்லாததால் எரிமலைக் குழம்பு வெள்ளையாகத்தான் ஓடியது. மணி அடித்தது, படம் பாதியில் நின்றது, எல்லாரும் எழும்பிப் போனார்கள். அடுத்த நாள் அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லை.

இதை எழுதுகிற நாங்கள் நாலு பேரும் நாலு பாடசாலைகளில் படித்தவர்கள். எரிமலைக்குப் பதில் ஒருவருக்குப் பென்குயின், இன்னொருவருக்குச் சுறா. மற்றதெல்லாம் ஒன்றுதான்.

எங்கள் குற்றச்சாட்டை நேரடியாகவே சொல்லிவிடுகிறோம். எங்கள் பாடசாலைகளில் வீடியோ காட்டுகிறார்கள். வீடியோவை வைத்துப் படிப்பிப்பதில்லை. இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரேயொரு பட்டன், நிறுத்துகிற பட்டன். அதை அமத்துவதற்குத்தான் யாரும் தயாரில்லை.

ஸ்மார்ட் போர்ட் வந்தால் எல்லாம் மாறும் என்றார்கள். வந்தது. ரிபன் வெட்டினார்கள், மாலை போட்டார்கள், பேஸ்புக்கில் படம் வந்தது. பிறகு? திறப்பு விழா நடந்த அறையின் திறப்பு அதிபரின் அலுமாரிக்குள் போய்விட்டது. ‘பிள்ளையள் உடைச்சுப் போடுவினம்’ என்ற ஒரு வசனத்தோடு பல பாடசாலைகளில் டிஜிற்றல் கல்வி முடிந்துபோகிறது. பெறுமதியான சாமான், ஆகவே பாவிக்கக்கூடாது. இப்படி ஒரு கணக்கு வேறெங்கும் உண்டோ தெரியாது.

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது நாடே திரைக்கு முன் இருந்தது. நேத்ரா ரீவியில் பாடம் போனது. வட்ஸ்அப்பில் குறிப்புகள் வந்தன. சிக்னல் தேடி மரத்திலும் மலையிலும் ஏறிய பிள்ளைகளின் படங்களைச் செய்திகளில் பார்த்தோம். அந்தக் காலம் எங்களுக்கு ஒன்றைத் தெளிவாகக் காட்டித் தந்தது. ‘எனக்கு விளங்கேல்லை’ என்று சொன்னால் தொலைக்காட்சிக்குக் கேட்காது. வகுப்பறையில் அப்படியில்லை. அங்கே கேட்கக்கூடிய ஒரு மனிசர் இருக்கிறார். அவரும் பிளே பட்டனை அமத்திவிட்டுப் பின்வாங்குக்குப் போனால், வீட்டில் ரீவி பார்த்ததற்கும் பஸ் ஏறி வந்ததற்கும் என்ன வித்தியாசம்?

விஞ்ஞான பாடத்தை எடுப்போம். இதயம் எப்படிச் சுருங்கி விரிகிறது என்று கரும்பலகையில் கீறிக் காட்டுவது கஷ்டம். இரண்டு நிமிட அசைவூட்டம் அதை அழகாகக் காட்டும். நாங்கள் வீடியோவுக்கு எதிரி இல்லை. ஆனால் தமிழில் தேடினால் முன்னுக்கு வருவது பெரும்பாலும் தமிழ்நாட்டு வீடியோக்கள். நல்ல வீடியோக்கள்தான். ஆனால் அவர்களுடைய செல் எங்களுக்குக் கலம். அவர்களுடைய ஒளிச்சேர்க்கை எங்களுக்கு ஒளித்தொகுப்பு. அவர்களுடைய ஆக்ஸிஜன் எங்களுக்கு ஒட்சிசன். அந்த இடத்தில் படத்தை நிப்பாட்டி, ‘இவர் சொல்றது உங்கட புத்தகத்தில என்ன?’ என்று கேட்டால் பிள்ளைக்கு இரண்டு சொல்லும் சொந்தமாகும். கேட்காவிட்டால் இரண்டும் குழம்பும்.

இன்னொன்று. இரசாயனத்தில் நியமிப்பு வீடியோ போடுகிறார்கள். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் அது பெரிய உதவி. ஆனால் அளவியும் குழாயியும் அலுமாரிக்குள் தூசி பிடித்துக் கிடக்கும் பாடசாலையிலும் அதே வீடியோவைத்தான் போடுகிறார்கள். நிறம் மாறுகிற அந்த ஒரு துளியைத் தவறவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து செய்த பிள்ளைக்குத்தான் அது மறக்காது. வீடியோவில் ஒருவருக்கும் பிழைப்பதில்லை.

இவ்வளவும் சின்ன விசயம். பெரிய விசயம் வரலாற்றுப் பாடத்தில் இருக்கிறது.

1934இல் பசில் ரைட் இயக்கிய ‘சோங் ஒஃப் சிலோன்’ என்ற விவரணப்படம் இருக்கிறது. உலக விவரணப்பட வரலாற்றில் பெரிய பெயர். ஏறக்குறைய 40 நிமிடம், எங்களுடைய ஒரு பாடவேளை. கண்டியில் கிட்டத்தட்ட 20 வருடம் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட புத்தகத்தின் பகுதிகளைக் கொழும்பு லயனல் வென்ட் பின்னணியில் வாசிக்கிறார். படம் வடிவாகத்தான் இருக்கும். அதை வகுப்பில் போட்டு, தேயிலை பறிக்கும் பெண்கள் வரும் இடத்தில் நிப்பாட்டுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் படத்துக்குக் காசு கொடுத்தது யார்? இதில் கதைக்கிறது யார்? கதைக்காமல் இருக்கிறது யார்?

காசு கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. கதைக்கிறது இங்கிலாந்துக்காரரின் புத்தகமும் வியாபாரிகளின் விலைப் பேச்சும். கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் படம் வந்து 14 வருடத்தில், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. படத்தில் வாய் திறக்காதவர்களுக்கு நாட்டிலும் வாய் இல்லாமல் போனது எப்படி? இந்தக் கேள்வியைத் தானாகவே கேட்கிற தரம் 11 பிள்ளை பிறகு வட்ஸ்அப்பில் வருகிற ஒரு வீடியோவையும் கண்ணை மூடிக்கொண்டு ஃபோர்வர்ட் பண்ணாது.

இப்ப எங்களுக்கு விளங்குகிறது ஏன் எரிமலையும் பென்குயினும் என்று. பென்குயின் பற்றிய படத்தை எங்கே நிப்பாட்டினாலும் ஆபத்தான கேள்வி வராது.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள். சோமீதரன் அதைப் பற்றி ‘எரியும் நினைவுகள்’ என்று ஒரு விவரணப்படம் எடுத்தார். எங்களில் இரண்டு பேர் நூலகத்துக்கு முன்னால் சைக்கிளில் போய்ப் பள்ளிக்கூடம் படித்தவர்கள். அந்தப் படத்தை வகுப்பில் பார்க்கவில்லை. ஏ.எல் முடிந்து, ஒரு நண்பரின் அறையில், போனில் பார்த்தோம். பார்த்து முடித்து ஒருத்தரும் கதைக்கவில்லை. கேட்பதற்கு நிறையக் கேள்வி இருந்தது. பதில் சொல்ல ஒரு ஆசிரியர் பக்கத்தில் இருக்கவில்லை. அதுதான் எங்களுக்கு நடந்த இழப்பு.

‘சிலபஸ் முடிக்க வேணும், தம்பி’ என்று சேர்மார் சொல்வது கேட்கிறது. உண்மைதான். ஓ.எல் சோதனை யாருக்கும் இரங்காது. ஆனால் நாங்கள் முழுப் படம் கேட்கவில்லை. பத்து நிமிடம் படம், முப்பது நிமிடம் கதை. அதுவும் தவணைக்கு ஒரு தடவை. ரிலீஃப் பீரியட்டுகளில் வீணாகிற நேரத்தை எண்ணிப் பார்த்தால் இது ஒன்றுமேயில்லை.

‘பிரச்சினை வரும்’ என்பது அடுத்த பதில். இதை நாங்கள் நக்கலடிக்க மாட்டோம். எங்கட ஊரில் ஆசிரியர்களுக்குப் பயம் வந்ததற்குக் காரணங்கள் இருக்கின்றன. சம்பளம், இடமாற்றம், விசாரணை எல்லாம் கற்பனை இல்லை. ஆனால் ‘சோங் ஒஃப் சிலோன்’ போட்டதற்கு யாரும் விளக்கம் கேட்கப் போவதில்லை. ஆபத்தில்லாத படத்தில் கேள்வி கேட்கப் பழகிய பிள்ளை மற்றப் படங்களைத் தானே தேடிப் பார்த்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தைத் தாருங்கள், அது போதும்.

படம் போடுமுன் நீங்கள் ஒருக்கா முழுதாகப் பாருங்கள், சேர். எங்கே நிப்பாட்டுவது என்று மூன்று இடத்தை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். விடைத்தாள் கட்டை ஸ்ராஃப் ரூமில் வைத்துவிட்டு வாருங்கள். இதற்கு ஸ்மார்ட் போர்ட்டும் தேவையில்லை, ரிபனும் தேவையில்லை. ஒரு லப்டொப்பும் யன்னலில் கட்ட ஒரு பழைய சாரமும் காணும்.

தம்பி தங்கைச்சிமாருக்கு ஒன்று. சேர் நிப்பாட்டாவிட்டால் நீங்கள் கையை உயர்த்துங்கள். ‘சேர், ஒருக்கா நிப்பாட்டுங்கோ, ஒரு கேள்வி’ என்று சொல்லுங்கள். ஏச்சு விழலாம். எங்களுக்கு அந்த வயதில் அந்தத் துணிவு வரவில்லை. எரிமலை ஓடி முடியும்வரை சும்மா இருந்துவிட்டோம்.