ஏரிக்கரை நம் கடைக்கும் காவல்

வணிகப் பெருமக்களே! மதுராந்தகம் ஏரியின் மண்கரை உழவருக்கு மட்டுமன்று, கீழே கடை வைத்திருக்கும் நமக்கும் காவல். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெருமழையில் இக்கரையை ராமர் காத்ததைக் கலெக்டர் லயோனல் பிளேஸ் கண்டதாகச் சொல்வர். தெய்வம் காக்கட்டும், பராமரிப்பு நம் பொறுப்பு. எலி வளை வழியே நீர் கசிந்தால் மண்கரை உள்ளிருந்தே அரிக்கும். கலங்கலும் உபரிநீர்க் கால்வாயும் அடைபட்டால் வெள்ளம் கடைவீதிக்குத்தான் வரும். நனைந்த அரிசி மூட்டையை யார் வாங்குவார்?

2017இல் அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியது. ஐப்பசி மழைக்கு முன் கரையைச் சீர்செய்ய நீர்வளத்துறையைக் கேட்போம். ஆனால், கால்வாய்மேல் கொட்டகை நீட்டியிருப்போரும் குப்பை கொட்டுவோரும் நம்மில் இருந்தால் கேட்கும் உரிமை நமக்கு ஏது? முதலில் அவற்றை நாமே அகற்றுவோம்.