ஆகாய வழியும் அநுமதிச் சீட்டும்

தனி விமானங்களிலும் வாடகைக்கு அமர்த்திய விமானங்களிலும் தேச எல்லையைக் கடப்போர், விமானம் தரையைவிட்டு எழுமுன்னரே கணினி வழியாக அநுமதி பெற்றாக வேண்டுமென்ற ஏற்பாடு உலகெங்கும் பரவி வருகிறது. ஐக்கிய அமெரிக்க நாட்டில் 2009-ஆம் வருஷம் மே மாதம் முதல், தனி விமானத்தை ஓட்டி எல்லை கடப்பவர், புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே தம்முடன் வருவோர் அனைவருடைய விவரத்தையும் அனுப்பி, விடை கிடைத்த பின்னரே கிளம்பலாம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 6 முதல் இத்தகைய அறிக்கை, புறப்பாட்டுக்கு 48 மணி நேரத்துக்கு முந்தாமலும் 2 மணி நேரத்துக்குப் பிந்தாமலும் சர்க்காருக்குப் போய்ச் சேர வேண்டும். விசா வேண்டாத ஐரோப்பியரும் 2025 ஏப்ரல் 2 முதல் அந்நாட்டுக்குச் செல்லக் கணினியில் முன் அநுமதி பெறுதல் அவசியமாயிற்று.

சொந்த விமானம் வைத்திருக்கும் சீமான்களின் விவகாரம் நமக்கெதற்கு என்று நமது வாசகர் கேட்கலாம். நமது புதுவையின் இலாசுப்பேட்டை விமான நிலையமோ உள்நாட்டுப் பிரயாணத்துக்கே உரியது. கடல் கடந்து செல்வோர் சென்னைக்குத்தான் போக வேண்டும். ஆயினும் இவ்விஷயம் ஏழைத் தொழிலாளரையும் நமது ஊராரையும் நேராகத் தொடுகிறது. எங்ஙனமெனில் கூறுவோம்.

2023 டிசம்பர் 21-ஆம் தேதி, ருமேனியக் கம்பெனியொன்றின் வாடகை விமானம் ஐக்கிய அரபு எமிரேட்ஸிலுள்ள புஜைராவிலிருந்து மத்திய அமெரிக்காவிலுள்ள நிகராகுவாவுக்குச் செல்லும் வழியில், எண்ணெய் நிரப்பிக்கொள்ள பிரான்ஸ் தேசத்து வாத்ரி விமான நிலையத்தில் இறங்கிற்று. அதிலிருந்தோர் 303 பேர், பெரும்பாலோர் இந்தியர். ஆட்களைக் கடத்திச் செல்லும் விமானமென்று துப்புக் கிடைத்ததன் பேரில் அதிகாரிகள் அதைத் தடுத்து நிறுத்தினர். கிறிஸ்துமஸ் காலம், விமான நிலைய மண்டபமே காவற்கூடமும் நியாயஸ்தலமுமாயிற்று. துணையின்றி வந்த சிறுவரும் அக்கூட்டத்தில் இருந்தனர். முடிவில் 276 பேர் டிசம்பர் 26-ஆம் தேதி பம்பாய் வந்து சேர்ந்தனர், 25 பேர் பிரான்ஸிலேயே அடைக்கலம் கோரினர், இருவர் விசாரணைக்குட்பட்டனர். நிகராகுவாவிலிருந்து தரை வழியாக ஐக்கிய அமெரிக்க எல்லையை அடைவதே இவ்வழியில் செல்வோரின் நோக்கமென்பது யாவரும் அறிந்ததே.

இப்பொழுது ஓர் வேற்றுமையைக் கவனியுங்கள். பத்தாவது வகுப்புத் தேறாத ஒரு தமிழ்த் தொழிலாளி வளைகுடா நாடொன்றுக்கு வேலைக்குப் போக விரும்பினால், குடிபெயர்வு அநுமதியின்றி விமானம் ஏற முடியாது. அவனுடைய ஒப்பந்தம் என்ன, எஜமான் யார், அனுப்புகிறவர் யாரென்று சர்க்கார் கேட்கிறது. ஆனால் முந்நூறு பேரை ஒரே விமானத்தில் ஏற்றிப் பாதி உலகைக் கடத்த முற்பட்டபோது, வாத்ரியில் இறங்கும்வரை கேட்பாரில்லை. தனித்தனியே செல்லும் ஏழைக்கு ஆயிரம் கேள்வி. விமானத்தையே வாடகைக்குப் பேசும் பண முதலைக்கு ஒரு கேள்வியுமில்லை. இது நியாயமாகுமா? ஆகையால், தனி விமானங்களுக்கும் வாடகை விமானங்களுக்கும் முன் சோதனை வேண்டுமென்பதை நாம் ஆதரிக்கிறோம். எல்லையைக் காப்பது சுதந்திர தேசத்தின் உரிமை. அந்த உரிமைக்குமுன் சீமானும் தொழிலாளியும் ஒன்றே.

சட்டமும் இதற்கு இடையூறில்லை. 1944 டிசம்பர் 7-இல் சிக்காகோவில் ஏற்பட்ட சர்வதேச விமான ஒப்பந்தத்தின் 5-ஆவது ஷரத்து, கால அட்டவணைப்படி ஓடாத விமானங்கள் சில நிபந்தனைகளுக்குட்பட்டு முன் அநுமதியின்றியே அந்நிய தேசத்துக்கு மேலே பறக்கவும் இறங்கவும் இடந்தருகிறது. ஆனால் 13-ஆவது ஷரத்து, பிரயாணிகள் அந்தந்த தேசத்தின் குடிநுழைவு, பாஸ்போர்ட், சுங்க விதிகளுக்கு அடங்கியே தீர வேண்டுமென்கிறது. அதாவது, விமானத்துக்குக் கொடுத்த சுதந்திரம் அதிலிருக்கும் மனிதருக்குக் கொடுத்ததன்று.

இதுவரை சரி. இனித்தான் நமது ஆட்சேபம். கணினிச் சோதனை ஒன்றே ஆள்கடத்தலைத் தடுத்துவிடுமென்று நம்புவது பேதைமை. போய்ச் சேரும் தேசம் உள்ளே விடச் சம்மதிக்கிறதா என்பதையே இயந்திரம் பார்க்கிறது. அது சம்மதித்தால் 'போகலாம்' என்ற விடை வரும். பிரயாணி எந்தத் தரகனிடம் நிலத்தை விற்றுப் பணம் கட்டினான், அவனுக்கு என்ன பொய் வாக்குறுதி அளிக்கப்பட்டதென்பதை அது கேளாது. தரகனைப் பிடிக்காமல் பிரயாணியை மட்டும் தடுத்தால், அவன் வேறொரு கள்ள வழியில் இறங்குவான். 2025 பிப்ரவரி 5-இல் ஐக்கிய அமெரிக்காவின் இராணுவ விமானமொன்று 104 இந்தியரை அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கியபோது, விலங்கு பூண்டு வந்தோர் நம் சகோதரர். அவர்களை அனுப்பிய தரகருக்கு அந்த விமானத்தில் இடமில்லை. இந்த அவமானம் நம் தேசத்தையே சார்ந்தது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் முக்கியமானது. இயந்திரம் 'கூடாது' என்று சொன்னால் ஏன் கூடாதென்று யாரைக் கேட்பது? பெயர் ஒப்புமையால் வந்த பிழையாயிருக்கலாம். பிறந்த தேதியில் ஓரெழுத்து மாறியிருக்கலாம். தகப்பன் பெயரையே முதலெழுத்தாகக் கொள்ளும் தமிழருக்கு, குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கும் படிவங்களால் நேரும் தொல்லை கொஞ்சமா? 1977-இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைப் பறித்த சர்க்கார், பொது நலனை முன்னிட்டுக் காரணம் சொல்ல இயலாதென்றது. 1978 ஜனவரி 25-இல் சுப்ரீம் கோர்ட், அந்நிய தேசம் செல்லும் உரிமையைப் பறிக்கும் முறை நியாயமானதாகவும் நேர்மையானதாகவும் இருத்தல் வேண்டுமென்று தீர்ப்பளித்தது. மனித அதிகாரிக்கு விதித்த இந்தத் தர்மம் இயந்திரத்துக்கு இல்லையென்று எவரேனும் வாதிக்கக்கூடுமா?

நமது பார்லிமெண்டு இயற்றி 2025 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்த குடிநுழைவு மற்றும் அந்நியர் சட்டத்தையும் இங்கே நோக்க வேண்டும். பிரயாணிகளை ஏற்றி வருவோர் முன்கூட்டியே விவரம் அனுப்பக் கடமைப்பட்டவர். தக்க பத்திரமில்லாதவரை ஏற்றி வந்தால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். அபராதத்துக்கு அஞ்சும் கம்பெனி, சிறு சந்தேகத்துக்கும் ஆளை இறக்கிவிடவே துணியும். போலீஸ் வேலை வியாபாரியின் கைக்குப் போகிறது. தேசப் பாதுகாப்பு முதலிய காரணங்களால் அந்நியரொருவரை உள்ளே விடலாகாதென்று குடிநுழைவு அதிகாரி முடிவு செய்தால், அதுவே இறுதியென்றும் அச்சட்டம் கூறுகிறது.

யார் அந்த அந்நியர்? 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கி, 1962 ஆகஸ்டு 16-இல் சட்டபூர்வமாகவும் புதுவை இந்தியாவுடன் சேர்ந்தபோது, ஒப்பந்தம் அளித்த உரிமைப்படி பிரெஞ்சுப் பிரஜைகளாகவே இருந்துவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இவ்வூரில் எத்தனையோ! அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி பிரெஞ்சுப் பிரஜை என்ற வீடுகளும் உண்டு. பெற்ற தாயின் ஈமக் கடனுக்காக ஓடிவரும் மகனும் சட்டத்தின் கண்ணுக்கு அந்நியனே. அவன் பெயரில் ஒரு பிழை நேர்ந்தால், பாரிஸ் விமான நிலையத்தில் நின்றுகொண்டு யாரிடம் முறையிடுவான்?

எல்லை என்பதும் வேவு என்பதும் புதுவைக்குப் புதியவை அல்ல. 1908-இல் பாரதியாரும், 1910-இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் இவ்வூரில் அடைக்கலம் புகுந்தனர். பிரிட்டிஷ் ஒற்றர் வீதி முனைகளில் நின்று, யார் வந்தார், யார் போனார் என்று எழுதிக்கொண்டிருந்தனர். 1918 நவம்பரில் பாரதியார் எல்லையைத் தாண்டியதும் கைதியானார். அன்றைய ஒற்றனின் குறிப்பேடு கிழிந்து போகும். இன்றைய கணினியின் ஏடு கிழிவதில்லை. அந்நிய ஆட்சி செய்ததை நாம் வெறுத்தோம். நமது சொந்த சர்க்கார் அதனினும் உயர்ந்த முறையைக் கைக்கொள்ள வேண்டுமென்று கேட்பது தவறாகாது.

வாத்ரியில் ஒரு நல்ல பாடமும் உண்டு. பிரெஞ்சுச் சட்டப்படி, எல்லையில் தடுக்கப்பட்டவரை நான்கு நாட்களுக்குமேல் அதிகாரி தம் இஷ்டப்படி வைத்திருத்தல் இயலாது. நீதிபதியின் உத்தரவு வேண்டும். அதனாலேதான் நீதிபதிகள் விமான நிலையத்துக்கே வந்தனர். கடவுச் சீட்டு எதுவாயினும் மனிதன் மனிதனே என்ற கொள்கை அங்கே செயலில் நின்றது.

ஆகையால் நாம் வேண்டுவன இவை: தனி விமானங்களுக்கும் வாடகை விமானங்களுக்கும் மற்றப் பிரயாணிகளுக்குரிய சோதனை தயவு தாட்சணியமின்றி நடக்க வேண்டும். அநுமதி மறுக்கப்பட்டால் எழுத்து மூலம் காரணமும், விரைவில் விசாரிக்கும் அப்பீல் அதிகாரியும் இருத்தல் வேண்டும். திரட்டிய விவரங்களை எத்தனை காலம் வைத்திருக்கலாமென்பதற்குச் சட்டம் வரம்பு கட்ட வேண்டும். ஆள்பிடிக்கும் தரகர் மீது வழக்குத் தொடர்ந்து தண்டனை வாங்கித் தர வேண்டும். புதுவையில் தமிழிலும் பிரெஞ்சிலும் குறை கேட்கும் ஓர் அலுவலகம் ஏற்பட வேண்டும்.

நமது பார்லிமெண்டு அங்கத்தினரும் சட்டசபை அங்கத்தினரும் வழக்கறிஞர் சங்கங்களும் இதைக் கையிலெடுத்துக்கொள்வார்களாக. பூட்டு வீட்டுக்கு வேண்டியதே; ஆனால் வீட்டுப் பிள்ளை வெளியே நின்று கூப்பிடும்போது கதவைத் திறக்க உள்ளே ஒரு மனிதன் இருக்க வேண்டும்.