அறியாமையின் தலையில் பழியைப் போடாதீர்கள்

கொரோனாக் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு சமாதானமும் கூடவே வந்துவிடுகிறது. "பாவம், ஜனங்களுக்கு என்ன தெரியும்? பயத்துல பண்ணிட்டாங்க. விழிப்புணர்வு இல்லை." நர்ஸை வீட்டைக் காலி செய்யச் சொன்னதற்கும் இதுதான் விளக்கம். இறந்த டாக்டரைப் புதைக்கவிடாமல் ஆம்புலன்ஸ் மீது கல்லெறிந்ததற்கும் இதேதான். படித்தவர்கள் இதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருந்தன்மை தொனிக்கும். குற்றம் அறியாமையுடையது, அந்த அறியாமையோ வேறு யாருடையதோ, ஆகவே யார் மீதும் வழக்கில்லை. ஐந்தாறு வருடங்களாக நாம் சொல்லிக்கொண்டிருக்கும் இந்தக் கதை பொய் என்கிறேன்.

முதலில் அந்தக் கல்லெறி நடந்த சென்னை வேலங்காட்டையே எடுத்துக்கொள்வோம். 2020 ஏப்ரல் 19ஆம் தேதி, நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவுக்குப் பலியானார். வயது 55. கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய ஏற்பாடானது. அந்தப் பக்கம் எதிர்ப்புக் கிளம்பியதும் உடலை அண்ணா நகரை ஒட்டிய வேலங்காடு இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கல்லும் கட்டையும் பறந்தன. ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது, ஊழியர்களுக்கு ரத்தக் காயம், கூட வந்திருந்த மனைவியும் மகனும் உயிருக்குப் பயந்து கிளம்ப வேண்டியதாயிற்று. பிறகு, அவருடைய நண்பரான எலும்பு மருத்துவர் ஒருவர் தாமே ஆம்புலன்ஸை ஓட்டிக்கொண்டு, வார்டு ஊழியர்கள் இருவருடன் போலீஸ் பாதுகாப்பில் இடுகாட்டுக்குத் திரும்பினார். மண்வெட்டியாலும் வெறுங்கையாலும் மண்ணைத் தள்ளி மூடினார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் சென்னையில் இறந்த நெல்லூர் டாக்டர் ஒருவரின் உடலை அம்பத்தூர் மயானத்தில் எரிக்க விடாமல் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஷில்லாங்கில் பெத்தனி மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஜான் சைலோவின் உடலும் அதே வாரம் இடமில்லாமல் ஒரு நாளுக்கும் மேலாகக் காத்துக் கிடந்தது.

கல்லெறிந்தவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது? பிணத்திலிருந்து கிருமி மண்ணில் இறங்கும், புகையில் ஏறும் என்ற வதந்தி தெரிந்திருந்தது. மத்திய சுகாதார அமைச்சகம் மார்ச் 15ஆம் தேதியே வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டிருந்தது. இந்த நோய் பரவுவது முக்கியமாக மூச்சுத் துளிகளால். உரிய முன்னெச்சரிக்கையோடு கையாண்டால் உடலிலிருந்து தொற்றும் வாய்ப்பு குறைவு. சாம்பலால் ஆபத்தே இல்லை. இவ்வளவும் அதில் இருந்தது. ஆனால் அது காகிதத்தில். தெருவில் மக்கள் பார்த்தது, தலை முதல் கால் வரை மூடிய மனிதர்கள் ராத்திரி வேளையில் ஆழக் குழி தோண்டி, பொட்டலமாகக் கட்டிய ஒன்றை அவசர அவசரமாக இறக்கியதை. காகிதம் ஒன்று சொல்ல, காட்சி வேறொன்று சொன்னால் ஜனங்கள் எதை நம்புவார்கள்? ஆகவே வேலங்காட்டில் அறியாமைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பங்கை வைத்துக்கொண்டு மற்ற எல்லாக் கணக்கையும் தீர்க்கப் பார்ப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

ஏனென்றால் அதே சென்னையில், ஆறே நாள் கழித்து, ஏப்ரல் 25 அன்று, மறுநாள் முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்றிருந்த நிலையில் கோயம்பேடு மார்க்கெட்டில் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? தோளோடு தோள் இடித்து, மூட்டை மேல் மூட்டை ஏறி, ஊரே காய்கறி வாங்கியது. வேலங்காட்டிலிருந்து கோயம்பேடு சில கிலோமீட்டர்தான். கோயம்பேட்டிலிருந்து தொற்று பல மாவட்டங்களுக்குப் போனதும், மே 5ஆம் தேதி மார்க்கெட்டையே மூடியதும் பிறகு நடந்த கதை. செத்தவரின் பெட்டியைக் கண்டு நடுங்கிய நகரம், மூச்சுவிடும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு நடுவில் வெண்டைக்காய் பொறுக்கியது. அந்த மார்க்கெட்டுக்குப் போய்வந்தவர்களை எந்த வீட்டுக்காரரும் காலி செய்யச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. கிருமியைக் கண்டு வரும் பயம் இப்படி ஆள் பார்த்து வராது.

ஆள் பார்த்து வந்தது. 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாடு முழுக்க மாடியில் நின்று கை தட்டியது, தட்டு தட்டியது. இரண்டே நாள் கழித்து, மார்ச் 24 அன்று, டெல்லி எய்ம்ஸ் உறைவிட மருத்துவர் சங்கம் மத்திய உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதியது. வீட்டு உரிமையாளர்கள் மருத்துவர்களையும் நர்ஸ்களையும் வெளியேற்றுகிறார்கள், சிலர் மூட்டை முடிச்சுகளோடு தெருவில் நிற்கிறார்கள் என்று. அன்றே டெல்லி அரசு, அப்படி வெளியேற்றும் உரிமையாளர்கள் மீது நடவடிக்கை எடுக்க உத்தரவிட வேண்டிவந்தது. எய்ம்ஸைச் சுற்றி வீடு வைத்திருப்பவர் எழுதப் படிக்கத் தெரியாதவரா? 11 மாத ஒப்பந்தம், அட்வான்ஸ், ஆண்டுக்கு இத்தனை சதவீதம் ஏற்றம் என்று சட்டம் தெரிந்து கையெழுத்து வாங்கத் தெரிந்தவர். வாட்ஸாப்பில் வைராலஜி படித்தவர்கூட. அவர் மீது எறிய நம்மிடம் 'அறியாமை' என்ற மென்மையான சொல் எப்படி வந்தது?

படிப்புதான் மருந்து என்பவர்கள் கேரளத்தைப் பார்க்கட்டும். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு ஏறத்தாழ 94 சதவீதம். 2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா வைரஸ் தொற்று வந்தது. பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நோயாளியைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் லினி நோய் தொற்றி இறந்தார். அவர் கணவருக்கு எழுதிய கடைசிக் கடிதத்தைப் படித்து மாநிலமே அழுதது. அதே நாட்களில், லினியோடு வேலை பார்த்த நர்ஸ்கள் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டு காலியாயிற்று, ஆட்டோ நிற்காமல் போயிற்று. அழுதவர்களும் நகர்ந்து உட்கார்ந்தவர்களும் வேறு வேறு ஊர்க்காரர்கள் இல்லை.

இன்னும் கிட்டத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. அது டாக்டர்களுக்கே கொஞ்சம் கசக்கும். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் அந்த நோயாளிகளைத் தொடாமல் திருப்பி அனுப்பியவர்கள் யார்? கையுறை இருந்தும் ஆபரேஷன் செய்ய மறுத்தவர்கள் யார்? எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். படித்தவர்கள். தொட்டால் ஒட்டாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவர்கள். சிகிச்சை மறுப்பதற்கு எதிராக 2017இல் நாடாளுமன்றம் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. தெரிந்திருப்பதும் தள்ளிவைப்பதும் ஒரே ஆளிடம் சண்டையில்லாமல் குடியிருக்கும் என்பதற்கு இதைவிடப் படித்த உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்படியானால் இந்தத் தள்ளிவைப்பு எங்கிருந்து வந்தது? நம் கிராமத்துக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்புவரை பிரசவம் பார்த்தவர் நாவிதர் வீட்டுப் பெண். மருத்துவச்சி என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். நடுராத்திரியில் ஆள் விட்டு அழைத்து, கொல்லைப்புறமாக உள்ளே விட்டு, தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைத்ததும் நெல் அளந்து கொடுத்து அதே கொல்லைப்புறமாக அனுப்பினார்கள். தீட்டுத் துணியை வெளுத்தவருக்கும், பிணத்தை எரித்தவருக்கும், மலக்குழியில் இறங்கியவருக்கும் அதே வழிதான், அல்லது அதைவிட மோசமான வழி. உடம்பின் ரத்தத்தையும் சீழையும் சாவையும் கையால் தொடுகிறவர் நமக்கு வேண்டும். வேலை முடிந்ததும் அவர் நம் வாசலில் நிற்கக் கூடாது. இந்த ஏற்பாட்டுக்குக் கிருமி பற்றிய கொள்கை எதுவும் தேவைப்பட்டதில்லை. 2020இல் புதிதாக நடந்தது ஒன்றுதான். அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்த, கார் வைத்திருந்த, ஆங்கிலம் பேசும் டாக்டரும் சில மாதங்களுக்கு அந்த வரிசையில் நிறுத்தப்பட்டார். அதனால்தான் அது செய்தியாயிற்று. தூய்மைப் பணியாளருக்கு அது என்றைக்குச் செய்தியாக இருந்தது?

பயம் நியாயமானதுதானே என்று கேட்பவர்களுக்கு ஒன்று. ஆம், ஆபத்து நிஜம். ஸ்காட்லாந்தின் மருத்துவப் பணியாளர்களை ஆராய்ந்து 2020இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு, நோயாளிகளை நேரடியாகப் பார்ப்பவர்கள் கொரோனாவால் மருத்துவமனையில் சேரும் அபாயம் மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் என்றது. அவர்கள் வீட்டாருக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. பயப்பட உரிமை இருந்தால் முதல் உரிமை அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு. அவர்களும் பயந்தார்கள். டூட்டி முடிந்து வந்து வாசலிலேயே குளித்துவிட்டு, பிள்ளையைத் தூக்காமல் தனி அறையில் படுத்த நர்ஸ் பயமில்லாதவரா? பயந்துகொண்டே மறுநாளும் போனார். அவர் பயம் அவரை வார்டுக்கு அனுப்பியது, மாடி வீட்டுக்காரரின் பயம் அவரைத் தெருவுக்கு அனுப்பியது. இரண்டுக்கும் பயம் என்றே பெயர் வைத்துவிட்டு, மனித இயல்பு என்று கை கழுவுவது எனக்கு ஒப்பவில்லை.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. தொற்று வந்தவர்களின் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டியது, சென்னையில் தகரம் வைத்துத் தெருவை அடைத்தது. நோட்டீஸ் ஒட்டிய வீட்டாரைத் தீண்டத்தகாதவர்போல நடத்துகிறார்கள் என்று உச்ச நீதிமன்றமே 2020 டிசம்பரில் சொல்லி, தகுந்த அதிகாரியின் உத்தரவில்லாமல் ஒட்டக் கூடாது என்றது. எட்டு மாதம் கழித்து! அதற்குள் எத்தனையோ பேர் ஊரைவிட்டே போயிருந்தார்கள். மே மாதத்திலேயே கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளிலிருந்து 300க்கு மேற்பட்ட நர்ஸ்கள் வேலையை விட்டுச் சொந்த மாநிலம் திரும்பினார்கள், பாதிக்கு மேல் மணிப்பூர்ப் பெண்கள். முகஜாடையை வைத்தே 'கொரோனா' என்று கூப்பிட்ட தெருவில் எத்தனை நாள் இருப்பார்கள்?

மருத்துவப் பணியாளர்களுக்குச் சூட்டிய 'நடமாடும் தெய்வங்கள்' என்ற பட்டமும் எனக்குச் சந்தேகத்துக்குரியதே. தெய்வத்துக்கு வாடகை வீடு வேண்டாம், சம்பளம் வேண்டாம், ஓய்வு வேண்டாம். மே 3ஆம் தேதி மருத்துவமனைகள் மீது விமானப்படை ஹெலிகாப்டர்கள் பூத்தூவின. செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, இறந்த மருத்துவப் பணியாளர்களின் கணக்கு மத்திய அரசிடம் இல்லை என்ற பதில் வந்தது. இந்திய மருத்துவ சங்கம் கோபத்தோடு 382 டாக்டர்களின் பட்டியலை எடுத்து நீட்ட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் தொற்றுக் காலத்தில் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்ட 2,000க்கும் மேற்பட்ட நர்ஸ்களுக்கு 2022 டிசம்பர் 31உடன் வேலை இல்லை என்றார்கள். கொல்லைப்புறக் கதவு அரசு அலுவலகத்திலும் இருக்கிறது.

சட்டம் இல்லாமலில்லை. வேலங்காடு நடந்த மூன்றாம் நாளே, 1897ஆம் வருடத்துக் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் வந்தது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் மூன்று மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை, கொடுங்காயம் என்றால் ஏழு வருடம் வரை. தமிழ்நாடு அரசும் தன் பங்குக்கு, அடக்கத்தைத் தடுப்பவருக்கு ஒன்று முதல் மூன்று வருடம் வரை சிறை என்று அவசரச் சட்டம் போட்டது. மத்தியச் சட்டத்தை நிதானமாகப் படித்தால் தெரியும்: அதில் வன்முறை என்பது கல்லெறிவது மட்டுமில்லை. பணியாளரின் குடியிருப்புச் சூழலைப் பாதித்து, கடமையைச் செய்யவிடாமல் தொல்லை தருவதும் வன்முறைதான். எழுதியவர்களுக்கு வீட்டுக்காரரைத் தெரிந்திருக்கிறது.

வேலங்காட்டில் கல்லெறிந்தவர்கள் கைதானார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் எதுவுமில்லை. லிஃப்டில் ஏறாதே என்று நர்ஸிடம் சொன்ன குடியிருப்போர் சங்கத்துக்கும், ராத்திரியோடு ராத்திரியாகச் சாவியைக் கேட்ட உரிமையாளருக்கும் மட்டும் விழிப்புணர்வுப் பிரசுரம் கொடுத்து அனுப்புவதைத்தான் ஏற்க முடியவில்லை. அடுத்த தொற்று வரும்போது அந்தப் பிரசுரத்தை அச்சடிக்கும் செலவை மிச்சம் பிடித்து, ஒவ்வொரு பெரிய மருத்துவமனைக்கும் பக்கத்தில் பணியாளர் தங்க இடம் பார்த்து வையுங்கள். வழக்குப் பதிய வேண்டிவந்தால், முதல் எஃப்.ஐ.ஆர். சங்கச் செயலாளர் பெயரில் இருக்கட்டும்.