திட்டுவதற்கு ஓர் அணி

உலகக் கோப்பைக் கால்பந்து வந்துவிட்டால் நம்மூரில் ஆளுக்கொரு நாடு கிடைத்துவிடும். ஒரு தெரு அர்ஜென்டினா, அடுத்த தெரு பிரேசில், முனையில் இருக்கும் டீக்கடை போர்ச்சுகல். கேரளத்துக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. 2022-ல் கோழிக்கோடு பக்கம் புல்லாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கு 30 அடி, நெய்மருக்கு 40 அடி உயரத்தில் கட்அவுட் நிறுத்தினார்கள். உலகமே அந்தப் படத்தைப் பார்த்தது.

நானும் மரடோனா காலத்திலிருந்து அர்ஜென்டினாக்காரன்தான். ஆனால் அதில் ஒரு சங்கடம் உண்டு. அந்த அணி சொதப்பினால் எனக்கு வருத்தம் வருகிறதே தவிர, கோபப்படப் பாத்தியதை இல்லை. அவர்கள் மண், அவர்கள் பணம், அவர்கள் பிள்ளைகள். அங்கே குடியிருக்கலாம், வீட்டுக்காரரை அதட்ட முடியாது. வாடகை வீடு.

அதனால்தான் ஆசியக் கோப்பை என்றதும் நாங்கள் நாலு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். சீனாவில் நடக்க வேண்டிய போட்டி அது. கொரோனாவால் அவர்கள் கைவிரிக்க, கத்தாருக்கு மாறி 2024 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. 24 நாடுகள். அதில் இந்தியாவும் ஒன்று. முதல் ஆட்டம் ஜனவரி 13, இரண்டாவது 18. நடுவில் பொங்கல் விடுமுறை. டிக்கெட் விலை 25 ரியாலிலிருந்து ஆரம்பம். நம் கணக்கில் அறுநூறு ரூபாய்கூட இல்லை. 2022 உலகக் கோப்பையில் வெளிநாட்டுக்காரருக்குக் கிடைத்த ஆகக் குறைந்த டிக்கெட்டே 69 டாலர்.

எதிரணிகள் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா. ஃபிஃபா தரவரிசையில் அவர்கள் 25, 68, 91. நாம் 102. கணக்குப் போட வித்வான் வேண்டாம். என் அம்மா நேராகவே கேட்டார்: "பொங்கலும் அதுவுமா வீட்ல இல்லாம, தோக்கறதைப் பாக்க ஃபிளைட் ஏறிப் போறியா?" ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல!

எங்கள் நால்வரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சேர்ந்து பந்தாடியவர்கள். இப்போது சேர்ந்து முட்டிவலியைப் பற்றிப் பேசுகிறவர்கள். ஒருவன் வங்கியில். ஒருவன் அச்சகம் வைத்திருக்கிறான். இன்னொருவன் அரசுப் பள்ளியில் பி.டி. மாஸ்டர். நண்பர்களோடு வெளிநாடு போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே யோசனை: கணக்கு எழுதுகிறவன் ஒருத்தன் கூட்டத்தில் இருக்க வேண்டும், அவனை மற்றவர்கள் கிண்டல் செய்யக் கூடாது. வங்கிக்காரன் சின்ன நோட்டு ஒன்றில் கரக் சாயா வரைக்கும் எழுதினான். ஏலக்காயும் சுண்டிய பாலும் மணக்கும் டீ அது. டோஹாவில் அதைக் குடிக்காமல் எந்தச் சண்டையும் தீர்வதில்லை. நட்பு முறியாமல் ஊர் திரும்பியதில் அந்த நோட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

மெட்ரோ ஒரு தடவைக்கு 2 ரியால், நாள் முழுக்க 6 ரியால். பச்சை லைனில் ஏறி அல் ரிஃபா நிலையத்தில் இறங்கினால், நம் முதல் ஆட்டம் நடந்த அகமது பின் அலி ஸ்டேடியம் பக்கத்திலேயே. ரயில் பெட்டிக்குள் நீல ஜெர்சிகளுக்கு நடுவே நசுங்கிக்கொண்டு நின்றபோதே, இது வெளியூர் ஆட்டம் இல்லை என்று புரிந்துவிட்டது. கத்தாரில் 7 லட்சத்துக்கும் மேல் இந்தியர்கள். அந்நாட்டுக் குடிமக்களைவிட அதிகம். பெட்டியில் பாதிப் பேர் மலையாளம் பேசினார்கள். மீதிப் பேர் மலையாளம் புரிந்த மாதிரி தலையாட்டினார்கள். ஒரு மேளம் வேறு. அன்று மைதானத்தில் 35,000-க்கும் மேல் கூட்டம். ஆஸ்திரேலியாவின் மஞ்சள் சட்டைகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

எனக்குப் பக்கத்து இருக்கையில் பரமக்குடிக்காரர் ஒருவர். முப்பது வயது இருக்கும். தமிழ் காதில் விழுந்ததும் "ஊர்லருந்தா வர்றீங்கண்ணே?" என்று திரும்பினார். 2022 உலகக் கோப்பை சமயத்தில் லுசைல் ஸ்டேடியத்தில் செக்யூரிட்டி வேலை பார்த்தவராம். மெஸ்ஸியைப் பார்த்தீர்களா என்று அச்சகக்காரன் ஆவலாகக் கேட்டான். சிரித்தார்.

"எங்கண்ணே பாக்க? கிரவுண்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, ஜனங்களைப் பாத்துத்தான் நிக்கணும். திரும்பினா சூப்பர்வைசர் வந்துருவாரு. கோல் விழுந்தா சத்தம் வரும்ல, எதிர்ல உள்ளவங்க மூஞ்சியைப் பாத்துத்தான் எந்த டீம் போட்டுச்சுன்னு கண்டுபிடிப்பேன்."

லுசைலில்தான் அர்ஜென்டினா சவூதியிடம் 1-2 என்று தோற்றது. மெஸ்ஸி கோப்பையைத் தூக்கியதும் அங்கேதான். அதையெல்லாம் நான் சென்னையில் சோபாவில் கால் நீட்டிப் பார்த்தேன். இவர் அங்கேயே நின்று, அடுத்தவர் முகத்தில் பார்த்திருக்கிறார். இன்றைக்குத்தான் முதல் முறையாகக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, மைதானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். "நம்ம டீமு ஆடுது, வராம இருக்க முடியுமாண்ணே?"

ஆட்டம் ஆரம்பித்தது. நடுவர் ஜப்பானின் யோஷிமி யமஷிடா. ஆண்கள் ஆசியக் கோப்பையில் ஒரு பெண் விசில் ஊதிய முதல் ஆட்டம் இதுதான். பதினாறாவது நிமிடத்தில் வலப்பக்கமிருந்து வந்த கிராஸுக்கு நம் கேப்டன் சேத்ரி தலை கொடுத்தார். பந்து கம்பத்தை ஒட்டி வெளியே போனது. ஸ்டேடியமே எழுந்து நின்று, தலையில் கைவைத்து, அப்படியே உட்கார்ந்தது. டிவியில் பார்த்தால் பந்தை மட்டும்தான் பார்ப்போம். நேரில் பி.டி. மாஸ்டர் வேறொன்றைக் காட்டினான்: பந்து அந்தக் கோடியில் இருக்கும்போதும் இந்தக் கோடியில் நம் தடுப்பாட்டக்காரர் ஜிங்கன் கையை ஆட்டி ஆட்டி, நாலு டிஃபென்டர்களையும் ஒரே கோட்டில் நிறுத்திக்கொண்டே இருந்தார். "பாருடா, பந்தே இல்லாம எவ்வளவு வேலை!" இடைவேளையில் 0-0. ஆஸ்திரேலியாவை 45 நிமிடம் நிறுத்திவிட்டோம். அந்தப் பதினைந்து நிமிட இடைவேளையில் நாங்கள் பட்ட சந்தோஷத்துக்கு விமான டிக்கெட் தகும்.

ஐம்பதாவது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. கிராஸ் பந்தை நம் கோல்கீப்பர் தட்டிவிட, அது நேராக ஜாக்சன் இர்வைன் காலடிக்குப் போனது. கோல். 73-ல் மாற்று ஆட்டக்காரராக அப்போதுதான் இறங்கிய ஜோர்டன் போஸ் இன்னொன்று.

பி.டி. மாஸ்டர் கொதித்துவிட்டான். "பிடிக்க முடியலன்னா ஓரமா குத்தித் தள்ளணும்டா! நடுவுலயா தட்டி விடுவாங்க? எட்டாங்கிளாஸ் பையனுக்குச் சொல்லித் தர்றதுடா இது!" முன்வரிசை மலையாளி திரும்பிப் பார்த்துத் தன் பங்குக்கு இரண்டு வார்த்தை சேர்த்தார். பின்வரிசையிலிருந்து இந்தியில் ஒன்று வந்தது. பரமக்குடிக்காரர் மட்டும் "ஃபர்ஸ்ட் ஆஃப் தாங்குனாங்கள்லண்ணே, விடுங்க" என்றார். ஐந்து நிமிடம் கழித்து அவரும் எழுந்து நின்று கத்தினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் கால்பந்து பார்த்து நான் இப்படித் திட்டியதே இல்லை. அர்ஜென்டினா தோற்ற அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்திருக்கிறேன். ஆனால் இந்த உரிமையோடு, தொண்டை கட்டும்வரை, பெயர் சொல்லி யாரையும் கேட்டதில்லை. சொந்த அணி என்பது ஜெயித்தால் கொண்டாட மட்டும் அல்ல. தோற்றால் கேட்பதற்கும்தான்.

இந்தியா ஆடாத நாட்களில் மற்ற ஆட்டங்களுக்குப் போனோம். 14-ஆம் தேதி எஜுகேஷன் சிட்டி ஸ்டேடியத்தில் ஈரானும் பாலஸ்தீனமும். காசாவுக்காக ஆட்டத்துக்கு முன் மௌன அஞ்சலி. இந்தப் போட்டியின் டிக்கெட் வருமானம் பாலஸ்தீன நிவாரணத்துக்கு என்று கத்தார் ஏற்கெனவே அறிவித்திருந்தது. பாலஸ்தீனம் 1-4 என்று தோற்றது. ஆனால் முதல் பாதியின் கடைசியில் அவர்கள் போட்ட அந்த ஒரு கோலுக்கு எழுந்த சத்தம், ஈரானின் நாலு கோலுக்கும் சேர்த்து எழவில்லை. பின்னால் ஹாங்காங்கை 3-0 என்று வென்று, முதல் முறையாக நாக்அவுட் சுற்றுக்கும் போனார்கள்.

பொங்கல் அன்று அல் வக்ராவில் மலேசியாவும் ஜோர்டானும். அல் ஜனூப் ஸ்டேடியம் கடற்கரை ஊரில் இருக்கிறது. இரவில் குளிர்காற்று அடிக்க, சென்னைக்காரர்கள் நாங்கள் மட்டும் காதுகளைப் பொத்திக்கொண்டு திரிந்தோம். மலேசியக் கூட்டத்தில் ஒரு குடும்பம் தமிழில் பேசிக்கொண்டிருந்தது. கிள்ளானிலிருந்து வந்திருந்தார்கள். அம்மா, இரண்டு மகன்கள், கழுத்தில் புலிச்சின்னத் துண்டு. "பொங்கல் வாழ்த்து, அண்ணா! நீங்களும் மலேசியாவுக்குத்தான கத்தணும் லா" என்று மூத்த மகன் அதட்டலாகச் சொன்னான். கத்தினோம். மலேசியா 0-4 என்று தோற்றது. அந்த அம்மா டப்பாவில் வைத்திருந்த முறுக்கை நீட்டி, "எங்க பசங்க ஆட்டத்தைப் பத்தி மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க, அது நாங்க பாத்துக்கறோம்" என்றார். நான் சொல்ல வந்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

18-ஆம் தேதி உஸ்பெகிஸ்தான் நம்மைப் பந்தாடியது. நாலாவது நிமிடத்தில் ஃபைசுல்லாயேவ் தலையால் ஒன்று, இடைவேளைக்குள் 0-3. இரண்டாம் பாதியில் மேற்கொண்டு வாங்கவில்லை என்பதே ஆறுதல். அடுத்து சிரியாவிடம் 0-1. அதற்குள் நாங்கள் ஊர் திரும்பியிருந்தோம். மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. இதே கத்தாரில் 2011 ஆசியக் கோப்பையிலும் மூன்றிலும் தோற்றோம். அப்போது மூன்று கோலாவது போட்டிருந்தோம்.

140 கோடிப் பேரில் பதினொரு பேர் கிடைக்கவில்லையா என்பது நம் டீக்கடைகளின் நிரந்தரக் கேள்வி. உஸ்பெகிஸ்தானின் மக்கள்தொகை நாலு கோடிகூட இல்லை, நம் தமிழ்நாட்டில் ஏறக்குறையப் பாதிதான். விஷயம் தலை எண்ணிக்கையில் இல்லை. நமக்கு முதல் கோல் போட்ட அந்த ஃபைசுல்லாயேவ், 2023-ல் உஸ்பெகிஸ்தான் தன் மண்ணில் வென்ற 20 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர். அடுத்த வருடமே பெரியவர்கள் அணியில் நம் வலைக்குள் பந்தைப் போடுகிறார். சிறுவர் அணியிலிருந்து பெரியவர் அணிக்கு அங்கே படிக்கட்டு இருக்கிறது. நம்மிடம் வடசென்னை வியாசர்பாடியில் மண் தரையில் வெறுங்காலோடு ஆடும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே போகப் படிதான் இல்லை. பி.டி. மாஸ்டர் இதைச் சொல்லும்போது குரலில் கோபம் இருக்காது. தன் பள்ளிக்கு வருடத்துக்கு எத்தனை பந்து வருகிறது என்று மட்டும் சொல்வான். அதற்கு மேல் நாங்கள் யாரும் பேச மாட்டோம்.

அந்த ஒரு வாரத்தில் நாங்கள் பார்த்த அணிகள் அதற்குப் பிறகு எங்கே போயின என்று பாருங்கள். மலேசியாவை மொத்திய ஜோர்டான், அந்தப் போட்டியின் இறுதி ஆட்டம்வரை போய்க் கத்தாரிடம் தோற்றது. 2025 ஜூனில் உஸ்பெகிஸ்தான், ஜோர்டான் இரண்டுமே வரலாற்றில் முதல் முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றன. நாம் 2025 அக்டோபரில் கோவாவில், நம் மண்ணில், சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, அடுத்த ஆசியக் கோப்பைக்கே தகுதி இழந்தோம்.

அடுத்த போட்டி 2027 ஜனவரியில், சவூதி அரேபியாவில். அதிலும் நடுவில் பொங்கல் வருகிறது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. அச்சகக்காரன் போகலாம் என்கிறான்: நல்ல ஆட்டம் பார்க்க நம் நாடு இருந்துதான் ஆக வேண்டுமா? வங்கிக்காரன் பழைய நோட்டைப் புரட்டி, இந்தியா இல்லாத போட்டிக்கு இவ்வளவு செலவு தேவையா என்கிறான். நான் வங்கிக்காரன் கட்சி. நல்ல கால்பந்து வேண்டுமென்றால் அது வீட்டு டிவியிலேயே தினமும் கிடைக்கிறது. கடல் தாண்டிப் போனதற்குக் காரணம் வேறு. அந்தப் பணத்துக்கு இந்தியா உள்ளூரில் ஆடும் ஆட்டங்களுக்கு ரயில் ஏறலாம். கொச்சிக்கோ பெங்களூருக்கோ கொல்கத்தாவுக்கோ. காலி இருக்கைகளுக்கு முன்னால் ஆடும் அணியை யாரும் கேள்வி கேட்பதில்லை; கேள்வி கேட்க ஆள் இல்லாத அணிக்காகக் கால்பந்துச் சங்கமும் பதில் சொல்வதில்லை.

ஜெயிக்கச் சொல்லி நான் யாரையும் நெருக்கவில்லை. முதலில் போட்டிக்குள் வாருங்கள். தோற்றால் என்ன சொல்ல வேண்டும் என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.